பனிநாட்டின் குரலைக் கேட்டவர் – க்னுத் ராஸ்முசன்

உலகப் படத்தை விரித்து அதன் வடகோடியை நோக்கினால், வெண்மையாகத் தீட்டப்பட்ட பெரிய தீவு ஒன்று நம் கண்ணில் படும். அதுவே கிரீன்லாந்து. உலகிலுள்ள தீவுகளுள் மிகப் பெரியது அது. அதன் பரப்பு ஏறத்தாழ 21 லட்சத்து 66 ஆயிரம் சதுர கிலோமீட்டர். அதாவது இந்திய நாட்டின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு. ஆயினும் அங்கு வாழ்பவர்கள் ஏறத்தாழ 57,000 பேர்தான். பெயரில் பசுமை இருப்பினும், நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஆண்டு முழுவதும் பனிக்கட்டியால் மூடப்பட்டுள்ளது. மக்கள் கடற்கரையோரமாகச் சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் வாழ்கின்றனர்.

இந்நாட்டைப் பற்றி நாம் அறிந்திருப்பது சிறிதே. பனிக்கட்டி வீடு, தோலாடை, நாய் வண்டி என்ற அளவில் நம் அறிவு நின்றுவிடுகின்றது. உண்மையில் கிரீன்லாந்து மக்களுள் பெரும்பாலோர் முற்காலத்தில் கல்லாலும் புல்மண் கட்டிகளாலும் கட்டிய வீடுகளிலேயே குளிர்காலத்தைக் கழித்தனர். எஸ்கிமோக்கள் என்பது பிறர் அவர்களுக்கு இட்ட பெயர். அவர்கள் தம்மை இனுயித் என்று அழைத்துக் கொள்கின்றனர். அச்சொல்லுக்கு மக்கள் என்பதே பொருள். அவர்களுக்குத் தனி மொழி உண்டு; தலைமுறை தலைமுறையாக வந்த கதைகளும் பாட்டுகளும் நெறிமுறைகளும் உண்டு.

இச்செல்வத்தை உலகம் அறியச் செய்தவர்களுள் முதலிடம் பெறுபவர் க்னுத் ராஸ்முசன். அவருடைய வாழ்க்கை, பனிவெளிகளைக் கடந்த வீரர் ஒருவரின் வரலாறு மட்டுமன்று. ஒரு சிறிய இனம் தன் மொழியையும் தன் வாழ்வையும் பற்றித் தானே முடிவு செய்யும் உரிமை எவ்வாறு தளிர்த்தது, எவ்வாறு பறிபோனது, எவ்வாறு மீண்டும் வந்தது என்பதையும் அவ்வரலாறு நமக்குக் கற்பிக்கின்றது. ஆகவே அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

இரு குலத்தின் பிள்ளை

1879-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள், கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள இலுலிசாத் என்னும் ஊரில் ராஸ்முசன் பிறந்தார். டென்மார்க் நாட்டவர் அவ்வூரை அக்காலத்தில் வேறு பெயரால் அழைத்தனர். மலை போன்ற பனிப்பாறைகள் மிதந்து செல்லும் விரிகுடாவின் கரையில் அமைந்தது அவ்வூர். தந்தை கிறிஸ்தியான் ராஸ்முசன் டென்மார்க்கிலிருந்து வந்த லூத்தரன் சபைப் போதகர். தாய் லொவீசா கிரீன்லாந்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் வழியாக இனுயித் மக்களின் இரத்தமும் பிள்ளையின் உடலில் ஓடியது.

வீட்டில் டேனிஷ் மொழியும் கிரீன்லாந்து மொழியும் ஒருங்கே ஒலித்தன. ஊர்ச் சிறுவர்களே அவருடைய விளையாட்டுத் தோழர்கள். அவர்கள் அவரைக் குனுங்குவாக் என்று செல்லமாக அழைத்தனர். சின்ன க்னுத் என்பது அதன் பொருள். எழுத்துக் கற்கும் வயதிலேயே நாய்களைப் பூட்டிச் சறுக்கு வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டார். மாலை வேளைகளில் முதியோர் சொல்லும் பழங்கதைகளைக் கேட்பது அவருக்குப் பேரின்பம். வடக்கே, எவரும் சென்றறியாத இடத்தில், இன்னும் ஓர் இனம் வாழ்கின்றது என்ற கதையையும் அங்கேதான் அவர் கேட்டார்.

பன்னிரண்டாம் வயதில் கல்விக்காக டென்மார்க்கிற்கு அனுப்பப்பட்டார். பனிவெளியில் கட்டுப்பாடின்றித் திரிந்த பிள்ளைக்குப் பள்ளி வாழ்வு எளிதாக இருக்கவில்லை. பாடங்களில் அவர் சிறந்து விளங்கினார் என்று சொல்வதற்கில்லை. பின்னர் நடிகராகவும் இசை நாடகப் பாடகராகவும் ஆக முயன்றார். அம்முயற்சிகளும் கைகூடவில்லை. எனினும், தாய்மண்ணின் மொழியை அவர் மறக்கவில்லை. அன்றைய நிலையில் பலருக்கும் அது பயனற்ற மொழியாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அவர் வாழ்நாளில் செய்த பெருஞ்செயல்கள் அனைத்துக்கும் அடிப்படையாக அமைந்தது அம்மொழியே.

வடகோடியில் ஓர் இனம்

இங்கே கிரீன்லாந்தின் அன்றைய நிலையையும் நாம் அறிதல் வேண்டும். 1721-ஆம் ஆண்டு ஹான்ஸ் எகதே என்னும் போதகர் வந்தது முதல், மேற்குக் கரை மக்கள் டென்மார்க்கின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தனர். வாணிகம் முழுவதும் அரசின் கையில் இருந்தது. ஆயினும் அவர்கள் தம் மொழியை இழக்கவில்லை. 1861-ஆம் ஆண்டிலேயே அம்மொழியில் ஒரு செய்தித்தாள் வெளிவரத் தொடங்கிவிட்டது என்பது நம்மை வியக்க வைக்கின்றது.

ஆனால் வடமேற்கு மூலையில் வாழ்ந்த இனுகுயித் என்னும் சிறு கூட்டத்தாரின் நிலை வேறு. 1818-ஆம் ஆண்டில் ஜான் ராஸ் என்ற ஆங்கிலக் கடற்படைத் தலைவர் தம் கப்பலில் வந்து சேரும் வரை, ஐரோப்பியர்களை அவர்கள் கண்டதில்லை. விண்ணிலிருந்து விழுந்த இரும்புக் கல்லைத் தட்டிக் கத்தி செய்து வாழ்ந்தவர்கள் அவர்கள். பிற்காலத்தில் அமெரிக்கரான இராபர்ட் பியரி வட துருவத்தை அடையும் நோக்குடன் அங்கு வந்து, அவர்களுடைய உழைப்பையும் நாய்களையும் திறமையையும் பயன்படுத்திக் கொண்டார். 1897-ஆம் ஆண்டில் அவர்களுடைய பெரிய இரும்புக் கல்லையும், அதனுடன் ஆறு மனிதர்களையும் நியூயார்க்கிற்கு எடுத்துச் சென்றார். அந்த அறுவருள் நால்வர் சில மாதங்களிலேயே நோயுற்று மாண்டனர். மீனிக் என்னும் சிறுவன் தந்தையை இழந்து அந்நிய நகரில் தனித்து நின்றான்.

இம்மக்களைக் காண 1902-ஆம் ஆண்டில் ஒரு குழு டென்மார்க்கிலிருந்து புறப்பட்டது. எழுத்தாளர் மிலியுஸ் எரிக்சன் அதன் தலைவர். ஓவியர் ஹரால்து மோல்ட்கே, ராஸ்முசன், அவருடைய இளமைத் தோழரான யோர்கன் பிரோன்லுண்ட் என்னும் கிரீன்லாந்துக்காரர் ஆகியோர் உடன் சென்றனர். அக்குழு இலக்கியப் பயணக் குழு என்று அழைக்கப்பட்டது. மற்றவர்கள் நிலத்தையும் துருவத்தையும் தேடி வந்தனர். இவர்களோ மக்களையும் அவர்களுடைய கதைகளையும் தேடி வந்தனர். வழியில் மோல்ட்கே கடும் நோயுற்றார். உணவு குறைந்தது. இனுகுயித் மக்கள் அவர்களை வரவேற்றுக் காத்தனர்.

மற்றப் பயணிகள் சைகையாலும் அரைகுறைச் சொற்களாலும் பேசிய இடத்தில், ராஸ்முசன் அவர்களுடைய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவர்கள் பேசுவது போலவே பேசினார். ஆகவே அவர்களும் மனந்திறந்து பேசினர். பாட்டிமார் தாங்கள் இளமையில் கேட்ட கதைகளைச் சொன்னார்கள். 1904-ஆம் ஆண்டில் பயணம் முடிந்தது. அவர் எழுதிய நூல்களால் அம்மக்கள் உலகிற்கு அறிமுகமாயினர்.

தூலே நிலையம்

1909-ஆம் ஆண்டில் பியரி தம் துருவப் பயணங்களை முடித்துக்கொண்டு சென்றுவிட்டார். துப்பாக்கியும் இரும்புக் கத்தியும் மரப்பலகையும் பழகிவிட்ட இனுகுயித் மக்களுக்கு இனி அவற்றைத் தருவார் இல்லை. பழைய வேட்டை முறைக்கு முழுவதும் திரும்பவும் முடியாது. இந்நிலையை உணர்ந்த ராஸ்முசன், அங்கே ஒரு வாணிக நிலையம் அமைக்குமாறு டென்மார்க் அரசை வேண்டினார். அரசு முன்வரவில்லை. ஆகவே 1910-ஆம் ஆண்டில் தம் நண்பர் பீட்டர் பிராய்கனுடன் சேர்ந்து தாமே அந்நிலையத்தை நிறுவினார். உலகின் கடைக்கோடி நாட்டுக்குப் பண்டைக்கால மேலைநாட்டார் வழங்கிய தூலே என்ற பெயரையே அதற்குச் சூட்டினார்.

வேட்டைக்காரர்கள் நரித்தோலைக் கொண்டுவந்து கொடுத்து, துப்பாக்கி, தோட்டா, ஊசி, கத்தி, மரம் முதலியவற்றைப் பெற்றுச் சென்றனர். அதில் கிடைத்த ஆதாயத்தைக் கொண்டு ராஸ்முசன் தம் ஆராய்ச்சிப் பயணங்களை நடத்தினார். 1912 முதல் 1933 வரை ஏழு பயணங்கள் தூலேயின் பெயரால் நடைபெற்றன. இவற்றின் புகழ் பெரும்பாலும் ராஸ்முசனுக்கே சேர்ந்தது. ஆனால் அப்பயணங்களுக்கு வேண்டிய பொருள் பனியில் நரி பிடித்த ஏழை வேட்டைக்காரர்களின் உழைப்பிலிருந்து வந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

முதற் பயணத்தில், 1912-இல், ராஸ்முசனும் பிராய்கனும் உலோரியாக், இனுகித்சொக் என்னும் இரு இனுகுயித் வீரர்களுடன் நாட்டின் நடுவேயுள்ள பனிப்பாளத்தைக் கடந்து வடகிழக்கே சென்றனர். அங்கே கடற்கால்வாய் ஒன்று உண்டு என்று பியரி வரைந்திருந்தார். அவ்வாறு ஒன்றும் இல்லை, அது தொடர்ந்த நிலமே என்று இவர்கள் கண்டு மெய்ப்பித்தனர். எல்லாப் பயணங்களும் இவ்வாறு நலமாக முடியவில்லை. 1916 முதல் 1918 வரை நடந்த இரண்டாம் பயணத்தில் தோரில்து வுல்ப் என்னும் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞரும், ஹென்ரிக் ஓல்சன் என்னும் கிரீன்லாந்துக்காரரும் உயிரிழந்தனர்.

நாய் வண்டியில் ஒரு கண்டம்

ராஸ்முசனின் பெயரை நிலைக்கச் செய்தது ஐந்தாம் தூலே பயணம். 1921-ஆம் ஆண்டில் அது தொடங்கியது. கனடாவின் வடபகுதியில் வாழும் இனுயித் மக்களைக் கண்டு, அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், அவர்களுடைய மொழியும் கதைகளும் எத்தகையவை என்று அறிவதே நோக்கம். டேனிஷ் அறிஞர்களுடன் தூலேயைச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் சென்றனர். வேட்டையாடி உணவு தந்தவர்களும், தோலாடை தைத்துக் கொடுத்தவர்களும் அவர்களே.

முதல் இரண்டு குளிர்காலங்களை அட்சன் விரிகுடாவிற்கு வடக்கே கழித்தனர். அங்கே ஆவா என்னும் மருளாளரை ராஸ்முசன் சந்தித்தார். இத்தனை விலக்குகளையும் கட்டுப்பாடுகளையும் ஏன் கடைப்பிடிக்கின்றீர்கள் என்று அவர் பலமுறை வினவினார். ஒருநாள் மாலை ஆவா அவரை வெளியே அழைத்துச் சென்றார். கடும்புயலில் வெறுங்கையுடன் திரும்பும் வேட்டைக்காரர்களைக் காட்டினார். விளக்கு மிக மங்கலாக எரியும் குளிர்ந்த வீட்டில் நடுங்கும் குழந்தைகளைக் காட்டினார். நோயுற்றுக் கிடக்கும் பெண்ணொருத்தியைக் காட்டினார். இவையெல்லாம் ஏன் என்று அவர் திருப்பிக் கேட்டார். ராஸ்முசனால் விடை கூற இயலவில்லை. தம் முன்னோர் துன்பத்தில் கண்டு சேர்த்த அறிவையே தாங்கள் பற்றி நிற்பதாக ஆவா விளக்கினார். கற்றவர் கல்லாதவரிடம் பாடம் கேட்ட அந்நிகழ்ச்சியை ராஸ்முசன் மறைக்காமல் எழுதி வைத்தார். அவருடைய பெருமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

1923-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இரு தூலே தோழர்களுடன் அவர் மேற்கு நோக்கிப் புறப்பட்டார். ஒருவர் காவிகர்சுவாக் என்னும் இளைஞர். மற்றொருவர் அர்னாருலுங்குவாக் என்னும் பெண்மணி. ஆறுகளையும் உறைந்த கடல்களையும் தீவுகளையும் நாய் வண்டியில் கடந்து, 1924-ஆம் ஆண்டில் அலாஸ்காவின் வடகோடியான பாரோ முனையை அடைந்தனர். பின்னர் அலாஸ்காவின் மேற்குக் கரையிலுள்ள நோம் நகரைச் சேர்ந்தனர். அமெரிக்காவின் வடகரை முழுவதையும் நாய் வண்டியில் கடந்த முதற் பயணம் இதுவே. அப்பாலுள்ள சைபீரியக் கரையிலும் ராஸ்முசன் கால் வைத்தார். அனுமதிச் சீட்டு இல்லாமையால் ரஷ்ய அதிகாரிகள் அவரை உடனே திருப்பி அனுப்பினர்.

இப்பயணத்தில் அவர் கண்ட பேருண்மை ஒன்று உண்டு. கிரீன்லாந்தில் தாய்மடியில் கற்ற அதே மொழியைக் கொண்டு, கனடா முழுவதும் அவரால் பேச முடிந்தது. அலாஸ்காவிலும் சிறிது பழகியதும் அவர் பேச்சு விளங்கியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், ஒருவரையொருவர் கண்டிராத மக்கள் ஒரே கதையைச் சொன்னார்கள். மூன்று நாடுகளின் கொடிகளின் கீழ்ப் பிரிந்து கிடப்பினும் இவர்கள் ஒரே மக்கள் என்பதை அவர் உணர்ந்தார்.

பெண்குலத்திற்குப் பெருமை

அர்னாருலுங்குவாக்கைப் பற்றி மாணவிகளாகிய நாம் தனியே அறிந்து கொள்ளுதல் தகும். 1896-ஆம் ஆண்டில் பிறந்த அவர், கணவருடன் இப்பயணத்தில் சேர்ந்தார். பயணத்தின் தொடக்கத்திலேயே கணவர் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டார். அந்நிலையில் ஊருக்குத் திரும்பியிருந்தாலும் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவரோ துயரத்தைத் தாங்கிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார்.

கடுங்குளிரில் தோலாடை கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. ஆடைகளையும் காலணிகளையும் இரவுதோறும் உலர்த்தித் தைத்துக் கொடுத்தது அவருடைய கை. சமையலும் விளக்கும் அவர் பொறுப்பு. நாய் வண்டியின் பக்கத்தில் ஆண்களுக்கு இணையாக நடந்தார். பயண முடிவில் நியூயார்க் நகரின் உயர்ந்த கட்டடத்தின் மேல் நின்று, கீழே விரிந்திருந்த மக்கள் வெள்ளத்தையும் அவர் கண்டார். கால் நூற்றாண்டுக்கு முன் தம் இனத்தவர் காட்சிப் பொருளாகக் கொண்டுவரப்பட்டு மாண்ட அதே நகரில், தாம் விரும்பி ஏற்ற பயணத்தை முடித்த பெண்ணாக அவர் நின்றார். இவ்வேறுபாட்டை நாம் எண்ணிப் பார்த்தல் நன்று.

சட்டமும் மன்றமும்

பயணத்தின் பின் ராஸ்முசனுக்குப் பட்டங்களும் பாராட்டுகளும் குவிந்தன. பல்கலைக்கழகங்கள் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கின. கிரீன்லாந்துக் கதைகளை அவர் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். ஐந்தாம் பயணத்தின் ஆராய்ச்சி அறிக்கைகள் பல பெருந்தொகுதிகளாக வெளிவந்தன.

எனினும், தூலே மக்களின் அன்றாட வாழ்வே அவர் நெஞ்சில் நின்றது. துப்பாக்கி வந்தபின் விலங்குகள் குறைந்து வந்தன. புதுப்பொருள்களும் புதுநோய்களும் வந்து கொண்டிருந்தன. மாற்றத்தைத் தடுக்க இயலாது. ஆனால் அம்மாற்றத்தின் வேகத்தையும் போக்கையும் அம்மக்களே ஓரளவேனும் தீர்மானித்தல் வேண்டும் என்று அவர் கருதினார். ஆகவே 1927-ஆம் ஆண்டில் வேட்டைக்காரர் மன்றம் ஒன்று ஏற்பட்டது. நிலையத்தின் அலுவலர்களோடு வேட்டைக்காரர்களும் அதில் சமமாக அமர்ந்தனர். 1929-ஆம் ஆண்டில் தூலேக்கெனச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. எந்த விலங்கை எக்காலத்தில் வேட்டையாடலாம், நலிந்தோருக்கு எவ்வாறு உதவுவது என்பன போன்ற செய்திகள் அவற்றில் இடம்பெற்றன. மிகச் சிறிய ஊர். மிகச் சிறிய மன்றம். ஆனால் தம் காரியத்தைத் தாமே பேசி முடிக்கும் பழக்கத்திற்கு அது வித்திட்டது.

அதே காலத்தில் கிழக்குக் கிரீன்லாந்து யாருக்கு உரியது என்று டென்மார்க்கும் நார்வேயும் வழக்காடிக் கொண்டிருந்தன. ராஸ்முசன் டென்மார்க்கின் பக்கம் நின்று உழைத்தார். 1933-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், ஹேக் நகரிலிருந்த அனைத்துலக நீதிமன்றம் டென்மார்க்கிற்குச் சார்பாகத் தீர்ப்பு வழங்கியது. அவ்வழக்கில் நீதிமன்றத்தின் முன் நின்றவை இரண்டு ஐரோப்பிய நாடுகளே. அம்மண்ணின் மக்கள் ஒரு தரப்பாக அங்கே நிற்கவில்லை. இது அக்கால உலகின் குறைபாடு. ராஸ்முசனும் அக்காலத்து மனிதரே.

இறுதிப் பயணம்

1933-ஆம் ஆண்டில் ஏழாம் பயணமாகக் கிழக்குக் கிரீன்லாந்திற்குச் சென்றார். அங்குள்ள மக்களையே நடிக்க வைத்து, அவர்களுடைய மொழியிலேயே ஒரு திரைப்படம் எடுக்கப்பட்டது. பாலோவின் திருமணம் என்ற அப்படத்திற்குக் கதை எழுதியவர் அவரே. அங்கு உண்ட உணவு நஞ்சாகி அவர் நோயுற்றார். நோய் முற்றி, கப்பலில் டென்மார்க்கிற்குக் கொண்டுவரப்பட்டார். மருத்துவர்கள் முயன்றும் பயனில்லை. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு நான்கு நாட்கள் முன்னதாக, 54-ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். தாம் கதை எழுதிய படம் மறு ஆண்டில் திரைக்கு வந்ததைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அர்னாருலுங்குவாக்கும் அதே 1933-ஆம் ஆண்டில் மறைந்தார்.

அவருக்குப் பின்

நல்லவர் ஒருவரின் நிழலில் வாழ்ந்த மக்கள், அந்நிழல் அகன்றபின் என்னவாயினர்? இதுவே இவ்வரலாற்றில் நாம் மிகவும் சிந்திக்க வேண்டிய பகுதி.

1937-ஆம் ஆண்டில் தூலே நிலையத்தை டென்மார்க் அரசு ஏற்றுக்கொண்டது. 1951-ஆம் ஆண்டில் அமெரிக்கா அவ்விடத்தில் மாபெரும் விமானத் தளம் ஒன்றைக் கட்டியது. 1953-ஆம் ஆண்டு மே மாதத்தில், அருகில் வாழ்ந்த இனுகுயித் குடும்பங்கள் சில நாட்களுக்குள் ஊரை விட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டன. நூற்றுக்கு மேற்பட்ட மக்கள் தம் வீடுகளையும் வேட்டை நிலங்களையும் முன்னோரின் கல்லறைகளையும் விட்டு வடக்கே கானாக் என்னுமிடத்திற்குச் சென்றனர். புது வீடுகள் இன்னும் கட்டி முடியவில்லை, கூடாரங்களில் தங்கினர். வேட்டைக்காரர் மன்றம் இருந்தும் அவர்களுடைய குரல் எடுபடவில்லை. 1999-ஆம் ஆண்டில் டென்மார்க் நீதிமன்றம் இது கட்டாய வெளியேற்றமே என்று ஏற்று நட்டஈடு வழங்கியது. டென்மார்க் பிரதமரும் அவ்வாண்டில் மன்னிப்புக் கோரினார். ஆனால் 2003-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமும் பழைய ஊருக்குத் திரும்பும் உரிமையை அவர்களுக்கு அளிக்கவில்லை.

1951-ஆம் ஆண்டில் மற்றொன்றும் நிகழ்ந்தது. கிரீன்லாந்துக் குழந்தைகள் 22 பேரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து டென்மார்க்கிற்கு அனுப்பினர். அவர்களை டேனிஷ் பிள்ளைகளாக வளர்த்து, நாட்டிற்கு முன்மாதிரியாக்குவது நோக்கம். சில குழந்தைகள் அங்கேயே தத்துக் கொடுக்கப்பட்டனர். மற்றவர்கள் நாடு திரும்பியபோது, தம் தாயிடம் பேசும் மொழியை மறந்திருந்தனர். பெற்ற வீட்டிற்குச் செல்லாமல் விடுதியில் வைக்கப்பட்டனர். 2020-ஆம் ஆண்டில்தான் டென்மார்க் அரசு இதற்கு மன்னிப்புக் கோரியது. பன்னிரண்டு வயதில் டென்மார்க்கிற்குச் சென்ற ராஸ்முசன் தம் மொழியைக் காத்துக் கொண்டதால் இரு மக்களுக்கும் பாலமானார். இக்குழந்தைகளிடமிருந்து மொழி பறிக்கப்பட்டதால் இரு கரையிலும் அவர்கள் அந்நியராயினர். புதுக்கல்வி தீங்கன்று, பழையதைப் பறித்துவிட்டுப் புதியதைத் தருவதே தீங்கு என்பதை இவ்விரண்டையும் ஒப்பிட்டு நாம் அறிகின்றோம்.

ஆயினும் வரலாறு அங்கே நின்றுவிடவில்லை. 1977-ஆம் ஆண்டில் கிரீன்லாந்து, கனடா, அலாஸ்கா ஆகிய இடங்களின் இனுயித் மக்கள் முதன்முறையாக ஒரே மாநாட்டில் கூடினர். கூடிய இடம் பாரோ. ராஸ்முசன் நாய் வண்டியில் சென்று சேர்ந்த அதே பாரோ. அவர் ஏட்டில் எழுதிய ஒற்றுமையை அவர்கள் தாமே நேரில் கண்டனர். 1979-ஆம் ஆண்டு மே முதல் நாள் கிரீன்லாந்து உள்நாட்டு ஆட்சி உரிமை பெற்றது. 1985-இல் தனக்கெனக் கொடி ஒன்றை உயர்த்தியது. 2009-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் தன்னாட்சி விரிவடைந்தது. கிரீன்லாந்து மொழி நாட்டின் ஆட்சி மொழியாயிற்று. அவர்கள் தனியொரு மக்களினம் என்பதும், விடுதலை வேண்டுமா என்பதைத் தாமே முடிவு செய்யலாம் என்பதும் சட்டத்தில் இடம்பெற்றன. பாதுகாப்பும் வெளிநாட்டு உறவும் பெரும்பாலும் டென்மார்க்கின் பொறுப்பில் தொடர்கின்றன.

சென்ற பொருள்களும் திரும்பி வந்தன. 1982 முதல் 2001 வரை ஏறத்தாழ 35,000 கலைப்பொருள்களைக் கோபன்ஹேகன் அருங்காட்சியகம் கிரீன்லாந்திற்குத் திருப்பி அளித்தது. நியூயார்க்கில் மாண்ட நால்வரின் எலும்புகளும் 1993-இல் தாய்மண்ணிற்குக் கொண்டுவரப்பட்டுக் கானாக்கில் அடக்கம் செய்யப்பட்டன. 2006-ஆம் ஆண்டில், கனடாவிலுள்ள இக்லூலிக் ஊரைச் சேர்ந்த இனுயித் கலைஞர்கள், ராஸ்முசன் ஆவாவைச் சந்தித்த வரலாற்றைத் தம் மொழியிலேயே திரைப்படமாக எடுத்தனர். அவர் கேட்டு எழுதிய கதையை, சொன்னவர்களின் வழித்தோன்றல்களே இப்போது உலகிற்குச் சொல்கின்றனர்.

நாம் பெறும் பாடம்

ராஸ்முசனின் வாழ்விலிருந்து நாம் இரண்டு உண்மைகளைப் பெறுகின்றோம். முதலாவது, செவிமடுத்தலின் பெருமை. அவருக்கு முன்னும் பின்னும் வந்த பலர் அம்மக்களைப் பற்றிப் பேசினர்; அவர் அம்மக்களைப் பேச வைத்தார். முதியோர் ஒருவர் கண்மூடும்போது, கேட்பாரற்ற கதைகளும் அவருடன் மண்ணுக்குள் சென்றுவிடுகின்றன. வீட்டுப் பாட்டியின் அருகில் அமர்ந்து கேட்பதற்கு நாய் வண்டியும் வேண்டியதில்லை. பனியில் நடக்கவும் வேண்டியதில்லை. நேரமும் அன்பும் இருந்தால் போதும்.

இரண்டாவது, இதனினும் பெரிது. நல்லவர் ஒருவர் நமக்காக அனைத்தையும் பார்த்துக் கொள்வார் என்பது ஆறுதலான எண்ணமே. ஆனால் தூலே மக்களைக் காத்தவர் மறைந்த இருபது ஆண்டுகளுக்குள் அவர்களுடைய ஊரே அவர்களுக்கு இல்லாமற் போயிற்று. உரிமை என்பது ஒருவருடைய நல்ல உள்ளத்தை மட்டும் நம்பி நிற்கலாகாது. அது அம்மக்களின் கையிலேயே, அவர்களுடைய மொழியிலேயே, அவர்கள் எழுதிக்கொண்ட சட்டத்திலேயே நிலைபெறுதல் வேண்டும். கிரீன்லாந்து மக்கள் நீண்ட காலம் பொறுத்து, போரின்றி, அவ்வழியில் நடந்து வருகின்றனர்.

இலுலிசாத்தில் ராஸ்முசன் பிறந்த வீடு அருங்காட்சியகமாக உள்ளது. அவ்வூர்த் தெருவில் செல்லும் பிள்ளைகள் அவர் சிறுவயதில் பேசிய அதே மொழியைப் பேசிக்கொண்டு பள்ளிக்குச் செல்கின்றனர். அவர் விட்டுச் சென்ற நினைவுச் சின்னங்களுள் அதுவே மிகச் சிறந்தது என்று நாம் துணிந்து கூறலாம்.